கன்றுடன் நின்ற கடமான்

ஐந்தேகால் மணிக்கு வருவதாகச் சொன்ன ஹில்க்கா ஐந்து மணிக்கே வந்து உட்கார்ந்திருந்தாள். வாசலைப் பார்த்த இடம் அவளுடையது. சுவரைப் பார்த்த இரண்டு நாற்காலிகளை ஆண்களுக்கு விட்டிருந்தாள். கோட்டைக் கழற்றவில்லை.

வெய்யோ தொப்பியை எடுத்துவிட்டுக் கை நீட்டினார். அவள் உணவுப் பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தாள்.

“சீக்கிரமே வந்துட்டே போல.”

“ரெண்டு பேரும் கார்லயே பத்து நிமிஷம் உக்காந்து பேசினீங்களே, அத இங்கிருந்து பாத்தேன். ஒத்திகையா?”

இஸ்மோ சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டான். அவன் வேட்டைச் சங்கத்தின் செயலாளர். வெய்யோ தலைவர், முப்பது வருடமாக.

கூஹ்மோ ஊரில் காட்டுக்கறிக்கென்று இருப்பது இந்த ஒரு உணவகம்தான். சங்கத்தார் இங்கே வருவதில்லை. வேட்டை முடிகிற நவம்பரில் ஊர் மன்றத்தில் அவர்களே பெரிய அண்டாவில் கடமான் சூப் வைப்பார்கள். யார் யார் நிலத்தில் வேட்டையாடினார்களோ அவர்களை உட்கார வைத்துத் தாங்களே பரிமாறுவார்கள். நிலத்துக்குக் குத்தகை அந்தச் சாப்பாடுதான். இந்த வருடம் ஹில்க்கா வரவில்லை. ஆள் அனுப்பியும் வரவில்லை.

அவளுடைய முந்நூற்று நாற்பது ஹெக்டேர் சங்கத்தின் காட்டுக்கு நட்டநடுவில் கிடக்கிறது. அதை எடுத்துவிட்டால் காடு இரண்டு துண்டு. கடமான் வேட்டைக்கு உரிமம் கேட்க ஆயிரம் ஹெக்டேர் ஒரே பரப்பாக இருக்க வேண்டும். இரண்டு துண்டில் எதுவும் அவ்வளவு வராது. பழைய ஒப்பந்தம் டிசம்பரோடு முடிகிறது. புதியது இஸ்மோவின் பையில் இருந்தது.

பரிமாறும் பெண் வந்தாள். “கடமான் வறுவல் இன்னைக்கு நல்லாருக்கு. இந்தப் பக்கத்துக் காட்டுலயே சுட்டது.”

“யார் சுட்டதுன்னு எழுதி வெப்பீங்களா?” என்று ஹில்க்கா கேட்டாள்.

அந்தப் பெண் சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை.

“சரி, அதையே கொடு. பில்லு எனக்குத் தனியா.”

“ஹில்க்கா, இது சங்கத்தோட விருந்து,” என்றார் வெய்யோ.

“அதனாலதான் தனியா.”

அவள் எழுந்து கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினாள். உள்ளே அவள் போட்டிருந்தது, இறந்துபோன கணவனின் கம்பளிச் சட்டை. சங்கத்தின் சின்னத்தைப் பிரித்து எடுத்த இடத்தில் நூல் துளைகள் தெரிந்தன.

அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று வெய்யோவுக்கு அப்போது உறைத்தது.

போன வருடம் அக்டோபரில், அவளுடைய சதுப்பு ஓரத்தில், அவர் ஒரு பெண் கடமானைச் சுட்டார். அது விழுந்த பிறகுதான் பின்னால் புதருக்குள்ளிருந்து கன்று வெளியே வந்தது. கன்று கூட இருக்கும்போது தாயைச் சுடக் கூடாது. தெரியாமல் சுட்டால் போலீசுக்குச் சொல்ல வேண்டும். இளவட்டங்களுக்கு முதல் நாள் அவர் சொல்லிக்கொடுப்பதே அதுதான். நூறு மீட்டர் தள்ளி நின்ற இஸ்மோ ஓடிவந்தான். இருவரும் கன்றைப் பார்த்தார்கள். கன்று அவர்களைப் பார்த்தது. மற்றவர்களிடம் அது கன்று போடாத பெண் கடமான் என்று சொன்னார்கள்.

பிப்ரவரியில் அந்தக் கன்று எலும்பும் தோலுமாக ஹில்க்காவின் விறகுக் கொட்டகைக்குப் பக்கத்தில் வந்து படுத்தது. அவள் போலீசைக் கூப்பிட்டாள். போலீஸ், வழக்கம்போல, சங்கத்தைக் கூப்பிட்டது. வெய்யோ போனார். ஒரே குண்டு. பிறகு அவள் வீட்டுக்குள் கூப்பிட்டுக் காப்பி கொடுத்தாள்.

தட்டுகள் வந்தன. வறுவல், மசித்த உருளைக்கிழங்கு, சிவப்புக் காட்டுப்பழக் கூழ். ஹில்க்கா பசியோடு சாப்பிட்டாள்.

“அடுப்புல அதிக நேரம் கிடந்திருக்கு. நாப்பது வருஷம் சமைச்சவ சொல்றேன். நீ சாப்பிடலயா, வெய்யோ?”

“சூடா இருக்கு.”

“என் வீட்டுல சூடா இருந்தாலும் ரெண்டு கப்பு குடிச்ச. ஏலக்கா ரொட்டி மூணு.” ரொட்டித் துண்டால் தட்டைத் துடைத்தாள். “தாய் என்ன ஆச்சுன்னு கேட்டேன். கார்ல அடிபட்டிருக்கும்னு சொன்ன.”

“அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்.”

“எங்க வீட்டுக்காரர் பதினெட்டு வருஷம் சங்கத்துக்காக அடிபட்ட மிருகத்தப் பாக்கப் போனவர். ரோட்டுல ஒரு கடமான் அடிபட்டா முதல் போன் சங்கத்துக்குத்தான் வரும். என்கிட்ட வந்து இதச் சொன்னியே வெய்யோ. பட்டணத்துக்காரிகிட்ட சொல்ற பொய்ய என்கிட்ட சொன்ன.”

வெய்யோ தண்ணீர் குடித்தார்.

“இஸ்மோ, அந்த போன் இப்ப உன்கிட்டதானே? அந்த வருஷம் எத்தனை வந்துச்சு?”

இஸ்மோ தலைவரைப் பார்த்தான். “ஒன்னு.”

“ஆணா, பெண்ணா?”

“ஆண்.”

“மார்ச்லயே போலீஸ்ல கேட்டுட்டேன். அவங்களும் அதத்தான் சொன்னாங்க.”

“அடிபட்டுக் காட்டுக்குள்ள போய் செத்திருக்கலாம்,” என்றார் வெய்யோ. “கரடி இருக்கு. ஓநாய் இருக்கு.”

“என் சதுப்புல கேட்ட குண்டுச் சத்தம் ஓநாயோடதா? அக்டோபர் ரெண்டாம் சனிக்கிழமை. ஒரு சத்தம்தான். நல்லா சுட்டிருக்காங்கன்னு நெனச்சேன்.” அவள் கத்தியையும் முள்கரண்டியையும் தட்டில் சேர்த்து வைத்தாள். “தப்பு எல்லாருக்கும் நடக்கும். எங்க வீட்டுக்காரருக்கும் நடந்துச்சு. அன்னைக்கே போலீசக் கூப்பிட்டார். ஒரு வருஷம் துப்பாக்கியத் தொடல. நீயும் சொல்லுவன்னு பாத்தேன். ஒன்பது மாசம் பாத்தேன். கன்னு சாகறதுக்கு நாலு மாசம் ஆச்சு, வெய்யோ. கடைசில என் கொட்டகைகிட்ட, நான் பாக்க.”

பக்கத்து மேசையில் ஒரு குடும்பம் பேச்சை நிறுத்தியிருந்தது.

“அந்தக் காகிதத்த எடு,” என்றாள் இஸ்மோவிடம்.

அவன் எடுத்து வைத்தான். அவள் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து அதன்மேல் வைத்தாள்.

“ஒரு குண்டுன்னா ஒரு ஆள். யாருன்னு இங்க சொல்லணும். திங்கக்கிழமை போலீஸ்ல சொல்லணும். சொன்னா கையெழுத்து, பத்து வருஷத்துக்கு. இல்லேன்னா பக்கத்துச் சங்கத்துக்காரங்க கேட்டுட்டுப் போயிருக்காங்க. அவங்களுக்குக் கொடுத்துடறேன்.”

வெய்யோ இறைச்சியை வெட்டினார். ஒரு துண்டு. இன்னொரு துண்டு. சொன்னால் துப்பாக்கியை வாங்கிக்கொள்வார்கள். தலைவர் பதவி போகும். ஐம்பத்திரண்டு இலையுதிர்காலத்தில் ஒன்றைக்கூட அவர் வீட்டில் உட்கார்ந்து கழித்ததில்லை. சொல்லாவிட்டால் சங்கத்தின் இருபத்திரண்டு வீட்டுக்காரர்களுக்கு அடுத்த வருடம் காடு இல்லை. அவர்களில் யாரும் காரணம் கேட்காமல் இருக்கப்போவதில்லை.

“இவ்ளோ வருஷப் பழக்கம், ஹில்க்கா,” என்றார். “ஒரே பள்ளிக்கூடத்துல படிச்சோம்.”

“அங்கயும் நீ அடுத்தவன மாட்டிவிடுவ.”

இஸ்மோ தன் தட்டைத் தள்ளி வைத்தான். அதில் எதையும் தொட்டிருக்கவில்லை. கைத்துண்டை நான்காக மடித்தான். காதுகள் சிவந்திருந்தன.

“தலைவரே,” என்றான். “நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”