மூன்றாவது பிளக்

மோரீ என்கிற மீன்பிடி ஊரில் ஃபீஃபியின் டாக்ஸி இஞ்சின் ஒன்பது ஆண்டுகளாக அணைக்கப்படவில்லை. பெட்ரோல் ஊற்றும்போதும் ஓடும், ஃபீஃபி உள்ளேயே படுத்துத் தூங்கும்போதும் ஓடும். கேப் கோஸ்ட் சந்தைக்குப் போகிற மீன்காரிகள் கூடையை ஏற்றுவதற்கு முன் பெட்ரோல் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்வார்கள்.

காரணம் ஊருக்குத் தெரியும், பாதி மட்டும். ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் டாக்ஸி இஞ்சினின் நான்கு ஸ்பார்க் பிளக்குகளில் மூன்றாவது கரி பிடித்துச் செத்தது. கடை சாத்தியாகிவிட்டது. மறுநாள் செவ்வாய், கடல் தெய்வத்தின் நாள். எந்தத் தோணியும் இறங்காது. அந்தத் தைரியத்தில் ஃபீஃபி, அண்ணன் ஜோஜோவின் மோட்டார் தோணிப் பெட்டியிலிருந்த மாற்று பிளக்கை யாரிடமும் சொல்லாமல் எடுத்து மாட்டிக்கொண்டான். மரை கச்சிதமாகப் பொருந்தியது. செவ்வாய்க்கிழமை புதிது வாங்கி வைத்துவிடலாம் என்றிருந்தான். அன்றைக்கென்று சவாரி மேல் சவாரி, பாவி மறந்தே போனான். புதன் விடிவதற்குள் ஜோஜோ தோணியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான். நடுக்கடலில் அவன் மோட்டாரைத் திறந்து வைத்துவிட்டுப் பெட்டியைத் துழாவியதைப் பக்கத்துத் தோணிக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். சரிசெய்துவிடுவான் என்று வந்துவிட்டார்கள். அவன் வரவில்லை.

அன்று சாயங்காலம் ஃபீஃபி டாக்ஸியைக் கிளப்பியபோது கடலிலிருந்து ஜோஜோவின் மோட்டார் சத்தம் கேட்டது. அணைத்தால் நின்றது. கிளப்பினால் மறுபடி கேட்டது. தோணிகள் சத்தத்தைத் தேடிப் போயின. எவ்வளவு தூரம் போனாலும் அது அதே தூரத்தில்தான் இருந்தது. அதன்பிறகு ஃபீஃபி இஞ்சினை அணைக்கச் சாவியைத் தொடவே இல்லை. ஜோஜோவின் மனைவி எசி துக்கத்துக்கான கறுப்பு உடுத்தவில்லை. மோட்டார் ஓடிக்கொண்டிருப்பவனுக்கு எப்படிக் காரியம் செய்வது என்று ஊரும் விட்டுவிட்டது.

பிளக் என்ன இருந்தாலும் இரும்புதானே. ஒன்பதாம் ஆண்டு மழையில் இஞ்சின் திணறியது, கடலிலும் மோட்டார் இருமியது. மற்ற மூன்று பிளக்குகளையும் ஓட ஓட ஒவ்வொன்றாக மாற்றிக் கொடுத்த மெக்கானிக் அயென்சு, இதன் நுனி தேய்ந்து போயிருக்கும், இன்னும் ஒரு நாள் தாங்கினால் பெரிது என்றார். கழற்ற அவருக்கும் கை வரவில்லை.

ஃபீஃபி டாக்ஸியை எசியின் புகையடுப்பருகே கொண்டுபோய் நிறுத்தினான். அவள் கம்பிவலையில் மீனைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, அந்த பிளக்கை எடுத்தது நான்தான்."

"தெரியும். அந்தத் திங்கட்கிழமை பெட்டியைத் தொடச்சு பிளக்கை உள்ள வச்சவ நான். உன் வண்டியோட அவரு மோட்டார் கேட்டப்பவே புரிஞ்சுபோச்சு. அப்பவே கேட்டிருந்தா வெட்கத்துல இஞ்சினை அணைச்சிட்டு எங்கயாவது ஓடியிருப்ப."

இப்போது என்ன செய்வது என்று கேட்டான்.

"நம்ம கையில என்ன இருக்கு ஃபீஃபி? வா, உட்காரு."

இருவரும் வண்டிக்குள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் மூன்றாவது பிளக் நின்றது. டாக்ஸி மீதி மூன்றில் உதறிக்கொண்டு ஓடியது. கடலில் சத்தமில்லை. ஒன்பது வருடம் காவல் காத்தும் ஒன்றும் செய்ய முடியவில்லையே என்று ஃபீஃபி விம்மி அழுதான். எசி அவன் வாயைப் பொத்தினாள்.

கடலில் அதே தூரத்தில் துடுப்பு தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை.

மறுநாள் அயென்சு இஞ்சினை அணைத்துப் புது பிளக் மாட்டினார். துடுப்புச் சத்தம் இப்போதும் கேட்கிறது. துடுப்பு போட்டு வருகிறவனுக்கு நாளாகும் என்பதால், எசி அவன் பங்கு மீனை மட்டும் இரண்டு தடவை புகை போட்டு வைக்கிறாள். அப்படிப் போட்டால் சீக்கிரம் கெடாது.