ஆமாம் என்கிற மூச்சு

யோரனுக்குப் பக்கவாதம் வந்தது விறகு அடுக்கும்போது. அவர் மனைவி பிக்குன் சமையலறை ஜன்னலோரம் நின்று கடமான் இறைச்சியைப் பொடிப்பொடியாகக் கொத்திக்கொண்டிருந்தாள். வெளியே அவர் குனிந்தார், ஒரு கட்டையை எடுத்தார், அப்படியே அடுக்கின்மேல் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். களைத்துப்போய் உட்கார்கிறார் என்றுதான் அவள் நினைத்தாள். இன்னும் இரண்டு மிளகாயை நறுக்கிப் போட்ட பிறகுதான், அவர் கையிலிருந்த கட்டை பனியில் விழுந்து கிடப்பதும், அவர் அதை எடுக்காமல் இருப்பதும் கண்ணில் பட்டன.

வட சுவீடனின் அந்த ஏரிக்கரைக்கு லிக்செலெ நகரத்திலிருந்து ஆம்புலன்ஸ் வந்தது. அங்கிருந்து உமேயோ பெரிய ஆஸ்பத்திரிக்கு ஹெலிகாப்டரில் கொண்டு போனார்கள். அவர் வீடு திரும்பியபோது ஏரி உறைந்துவிட்டிருந்தது, விறகு பாதி அடுக்கியபடியே பனிக்குள் புதைந்து கிடந்தது. வலது கை தொங்கிப்போயிருந்தது. வலது காலை இழுத்து இழுத்து, கைத்தடியோடு பாத்ரூம் வரை போக முடிந்தது. பேச்சுதான் போய்விட்டது.

முழுதாகப் போய்விட்டது என்றும் சொல்ல முடியாது. இரண்டு மிச்சம் இருந்தன. ஒன்று, "நாசமாப் போக" என்கிற வசவு. லாரி ஓட்டிய காலத்தில் டயர் வெடித்தால் சொல்வாரே, அதே அழுத்தத்தோடு, அட்சரம் பிசகாமல் வந்தது. இன்னொன்று, அந்தப் பக்கத்துக்காரர்கள் ஆமாம் என்பதற்குப் பதிலாக உதட்டைக் குவித்து "ஷுப்" என்று உள்ளே இழுக்கிற மூச்சு. கல்யாணமான புதிதில் பிக்குன் அதைக் கேட்டுவிட்டு, இவருக்கு ஆஸ்துமா இருக்கிறது, நம்மிடம் மறைத்துவிட்டார் என்று பயந்துபோயிருந்தாள். கடைக்குப் போனால் கடைக்காரியும் அப்படியே மூச்சிழுத்தாள். அப்புறம்தான் விஷயம் புரிந்தது.

அவர்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது உடைந்த ஆங்கிலம். அவர் லாரி ஓட்டிக்கொண்டு ஐரோப்பா முழுக்கச் சுற்றியதில் கொஞ்சம் பொறுக்கியிருந்தார். அவள் தாய்லாந்தில் சொந்த ஊரான ரொய்-எட்டை விட்டுக் கிளம்பிப் பட்டாயா ஓட்டல் ஒன்றில் துணி துவைத்ததில் கொஞ்சம் பொறுக்கியிருந்தாள். காட்டுப் பழம் பறிக்கக் கூட்டமாக வந்தவர்களுக்குச் சமைத்துப்போட அவள் இந்த ஊருக்கு வந்தாள். பழைய பள்ளிக்கூடத்தில் முகாம். தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுகிற ஆளாக யோரன் வந்தார். ஒருநாள் அவள் போட்டுக்கொடுத்த சோற்றைத் தின்று, முகமெல்லாம் சிவந்து, மூக்கைச் சிந்திக்கொண்டே போனவர், மறுநாள் தண்ணீர் தேவைப்படாதபோதும் வந்தார். அந்தப் பேச்சு வார்த்தையெல்லாம் நடந்தது அந்த ஓட்டை ஆங்கிலத்தில்தான். இப்போது அது அவர் மண்டையிலிருந்து துடைத்தெடுத்தாற்போல் போய்விட்டது.

"தாய்மொழியில மட்டும் பேசு. வேற எதுவும் வேண்டாம், குழம்பிடுவான்," என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள்.

யாருடைய தாய்மொழி? நான்கு குளிர்காலம் வகுப்பில் உட்கார்ந்து கொட்டாவி விட்டபடி கற்ற சுவீடிஷ் வார்த்தைகளை அவள் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். சாப்பிடு. எழுந்திரு. காலைத் தூக்கு. மாத்திரை. அந்த மொழியில் எல்லோருக்கும் ஒரே "நீ"தான். தன்னைவிடப் பதினெட்டு வயது மூத்த மனுஷரை நீ, வா, போ என்பது இன்னும் அவள் நாக்கில் கூசியது.

காலையில் உதவிக்காரப் பெண்கள் காரில் வருவார்கள். அவர்கள் வருவதற்குள் வாசல் பனியை வாரியாக வேண்டும், அடுப்பு எரிந்திருக்க வேண்டும். அப்புறம் பள்ளிக்கூடச் சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் கழுவுவாள். திரும்பும்போது இருட்டியிருக்கும், கிளம்பும்போதும் இருட்டுதான். பகல் என்று ஒன்று வந்துபோனதற்கு அத்தாட்சி, தட்டுகளில் பிள்ளைகள் மீதம் வைத்த உருளைக்கிழங்கு மட்டுமே. ராத்திரியில் யோரனுக்குப் புரண்டு படுக்க வராது. "நாசமாப் போக" என்று கத்துவார். எழுந்து புரட்டிப் போட வேண்டும். கண் அயர்ந்ததும் மறுபடி கத்துவார்.

லிக்செலெயில் வண்டியில் நூடுல்ஸ் விற்கிற சொம்ஜிட் மட்டும்தான் அவளோடு சொந்தப் பேச்சில் பேசுகிற ஆள். தினமும் போன் பண்ணுவாள்.

"என்னடி, குரல் கிணத்துக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி இருக்கு?"

"படுத்திருக்கேன் அக்கா. பூட்ஸைக் கூட கழட்டல."

"உன் மகாராஜாவுக்குச் சாப்பாடு ஆச்சா?"

"ஆச்சு. திட்டினாரு."

"திட்ட மட்டும் வாய் இருக்கு பாரு! எங்காளுக்கு வாயில ஒரு கோளாறும் இல்ல, ஆனா ஒரு நல்ல வார்த்தை வராது. உன் ஆளு பரவாயில்ல, டாக்டர் சர்டிபிகேட்டோட திட்டுறாரு."

பிக்குன் சிரித்தாள். சிரித்தபோது விலா வலித்தது. அவரைத் தூக்கித் தூக்கி வந்த வலி.

டிசம்பரில் யோரனின் அக்கா மைலிஸ் வந்து இறங்கினாள். பணி ஓய்வு பெற்ற பள்ளித் தலைமையாசிரியை; உமேயோவில் தனியாக இருக்கிறாள். வந்த கையோடு அலமாரிகளைத் திறந்து பார்த்தாள், தம்பியின் நகத்தை வெட்டிவிட்டாள், பிக்குனின் மீன் ஊறல் பாட்டிலை முகர்ந்துவிட்டுப் பின்வாசல் படியில் கொண்டுபோய் வைத்தாள். அழுகின மீன் டின்னை ஆகஸ்டில் விருந்து வைத்துத் தின்கிற ஜனங்களுக்கு இந்த மூக்கு எங்கிருந்து வந்தது என்று பிக்குனுக்குக் கேட்கத் தோன்றியது. கேட்பதற்கு வேண்டிய அளவு சுவீடிஷும் இல்லை, தெம்பும் இல்லை.

காபி ஊற்றிக்கொண்டு மைலிஸ் உட்கார்ந்தாள்.

"நீ ரொம்ப மெலிஞ்சுட்டே."

"குளிர்."

"குளிருக்கு யாரும் மெலிய மாட்டாங்க, குண்டாவாங்க. இங்க பாரு, நான் சுத்தி வளைச்சுப் பேசல. காப்பகத்துல இடம் இருக்கு, விசாரிச்சுட்டேன். அவனை அங்க சேர்த்துடலாம். வீட்டை வித்துடலாம். நீ உங்க ஊருக்குப் போ. உன்னை யாரும் ஒரு சொல் சொல்ல மாட்டாங்க."

"நான் போக?"

"உனக்கு நாப்பத்தஞ்சு வயசுதான் ஆகுது. இதுக்காகவா வந்தே?"

அந்த வார்த்தையில் குத்தல் இருக்கிறதா, பரிவு இருக்கிறதா என்று பிக்குனால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதைவிட ஆச்சரியம், அவளுக்குக் கோபம் வரவில்லை. போகலாம் என்று ஒரு மனுஷி வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. மறுநாள் பள்ளிக்கூடத்தில் நீராவிக்கு நடுவே நின்றுகொண்டு அதையே வாயில் போட்டுச் சப்பிக்கொண்டிருந்தாள். போகலாம். ரொய்-எட்டும் தங்கச்சி வீடும் கண்ணுக்குள் வரவில்லை. வந்தது ஒரு பாய். அதில் குப்புறப் படுத்திருக்கிற தன் முதுகு. அந்த முதுகை யாரும் தட்டி எழுப்பவில்லை.

"போயேன்டி," என்றாள் சொம்ஜிட். "இல்லேன்னா என் வண்டிக்கு வா. நாலு காசு வரும், நாலு பேர் முகம் பாக்கலாம். நீ என்ன அவருக்கு எழுதிக் குடுத்தா வந்தே?"

"அவர் என்ன நெனைக்கிறாருன்னு தெரியலையே அக்கா."

"நல்லா இருந்தப்ப மட்டும் தெரிஞ்சுதாக்கும்!"

அந்த வாரக் கடைசியில் நகராட்சியிலிருந்து, முதியோர் பராமரிப்பைக் கவனிக்கிற எலின் என்கிற பெண் வந்தாள். சின்ன வயசு, காது சிவந்திருந்தது. யோரனை மேசைக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். மைலிஸ் விஷயத்தை எடுத்துச் சொன்னாள். கேட்டுவிட்டு எலின் அவர் பக்கம் குனிந்து, காது கேளாதவரிடம் பேசுவதுபோல் உரக்கக் கேட்டாள்.

"யோரன், காப்பகத்துக்குப் போய் இருக்கிறதுல உனக்குச் சம்மதமா?"

யோரன் அவளைப் பார்த்தார். உதட்டைக் குவித்தார். "ஷுப்."

"பாத்தியா? அவனே சொல்லிட்டான்," என்றாள் மைலிஸ்.

எலின் பேனாவை எடுத்தாள். பிக்குன் அந்தப் பேனாவையே பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தால் போதும். எல்லாம் முடிந்துவிடும். பாயில் குப்புறப் படுக்கலாம். யாரும் ஒரு சொல் சொல்ல மாட்டார்கள். மைலிஸே சொல்லியாகிவிட்டது.

"பொறு," என்றாள். அவர் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

"யோரன். நீ நாயா?"

"ஷுப்," என்றார் யோரன்.

"என்ன கேள்வி இது!" என்று மைலிஸ் எழுந்தாள்.

"யோரன். இந்த வீடு எரியட்டும். சரியா?"

"ஷுப்."

"உன் அக்கா கெட்டவ. வெளியே தள்ளவா?"

அவர் அக்காவைப் பார்த்தார். அன்பாகத்தான் பார்த்தார். "ஷுப்."

எலின் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். காட்ட வேண்டியதைக் காட்டியாகிவிட்டது. ஆனால் அடுத்த கேள்வி தானாகவே வெளியே வந்துவிட்டது. அதைக் கேட்க வேண்டும் என்று அவள் நினைத்திருக்கவே இல்லை.

"யோரன். நான் உனக்கு வேண்டாமா?"

அதற்கும் அவர் அதே மாதிரி, கொஞ்சமும் யோசிக்காமல், மூச்சை உள்ளே இழுத்தார்.

அர்த்தமில்லாத மூச்சு அது. அதற்கு அர்த்தமில்லை என்று நிரூபித்தவளே அவள்தான். இருந்தும் அது போய்க் குத்த வேண்டிய இடத்தில் குத்தியது. துடைக்க ஒன்றும் சிந்தாத மேசையைத் துடைக்கத் துணி எடுக்கிற சாக்கில் எழுந்து போய், தொட்டியடியில் கொஞ்ச நேரம் முதுகு காட்டி நின்றாள்.

அவள் திரும்பியபோது மைலிஸ் அழுதுகொண்டிருந்தாள். தலைமையாசிரியை அழுகை, சத்தம் இல்லை, முகத்தை மறைக்கவும் இல்லை.

"தினமும் போன்ல பேசுறேன்," என்றாள். "நீ காதுல வெச்சுவிடுவியே, அப்போ. அம்மா கதை, அப்பா கதை, சின்ன வயசுல படகு கவிழ்ந்தது, எல்லாம் சொல்லுவேன். ஞாபகம் இருக்காடான்னு கேப்பேன். ஆமாம்பான். ஒவ்வொரு தடவையும் ஆமாம்பான். அவனுக்கு எல்லாம் ஞாபகம் இருக்குன்னு நெனச்சுட்டேன்."

பிக்குன் அவள் கோப்பையில் காபி ஊற்றினாள்.

"கேக்கறார்," என்றாள். "கதை. நீ பேசினா, கால் ஆட்டறார். வேற யார் பேசினாலும் ஆட்டல."

"நிஜமாவா?"

"நிஜம். இடது கால்."

மைலிஸ் மூக்கைத் துடைத்துக்கொண்டு தம்பியின் இடது காலைப் பார்த்தாள். அது சும்மாதான் இருந்தது.

"சரி, பிக்குன்," என்றாள் எலின். பேரை நிதானமாக, சரியாகச் சொன்னாள். "உனக்கு என்ன வேணும்?"

அவருக்குப் பக்கவாதம் வந்த நாளிலிருந்து எத்தனையோ பேர் என்னென்னவோ கேட்டார்கள். மாத்திரை எத்தனை, தூக்க ஆள் உண்டா, படி எவ்வளவு அகலம். இந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்கவில்லை. பெரிதாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தேடினாள். அவளிடம் பெரிதாக எதுவும் இல்லை.

"தூக்கம்," என்றாள். "போகணும்னு இல்ல. அவரை வெச்சுக்கணும்னு... அது பேச இப்ப சக்தி இல்ல. முதல்ல நான் தூங்கணும். அப்புறம் கேளு."

ஒரு வாரம் காப்பகம், ஒரு வாரம் வீடு என்று மாற்றி மாற்றி வைத்துக்கொள்ள வழி இருக்கிறதாம். எலின் சொல்லித்தான் அப்படி ஒன்று இருப்பதே தெரிந்தது. கேட்டவுடன் கிடைத்துவிடவில்லை. கட்டில் காலியில்லை என்றார்கள், வண்டி இல்லை என்றார்கள், அடுத்த மாதம் பார்ப்போம் என்றார்கள். அதற்கெல்லாம் மைலிஸ்தான் சரி. உமேயோவிலிருந்து ஒவ்வொரு நாளும் போன் போட்டு, அந்தக் காலத்தில் வகுப்புக்குத் தாமதமாக வந்த பிள்ளைகளை நிறுத்திக் கேட்டதுபோல் ஒவ்வொருவரையும் நிறுத்திக் கேட்டாள். பிப்ரவரியில் கட்டில் கிடைத்தது.

அவரை ஏற்றிக்கொண்டு வண்டி போன அன்று, பிக்குன் கையசைத்துவிட்டு உள்ளே வந்தாள். பாத்திரம் கழுவலாம் என்று நினைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தாள். விழித்தபோது ஜன்னல் இருட்டாக இருந்தது. அது காலையா மாலையா என்று தெரியவில்லை. அடுப்பு அணைந்து வீடு சில்லிட்டுப் போயிருந்தது. கோட்டைப் போட்டுக்கொண்டு சமையலறையில் நின்றபடியே பசையரிசிச் சோற்றை உருட்டி மீன் ஊறலில் தொட்டுத் தின்றாள். யாருக்கும் ஊட்ட வேண்டியதில்லை என்பது நல்லதாகவும் இருந்தது, வாய்க்கு ருசிக்காமலும் இருந்தது.

போன் அடித்தது. மைலிஸ்.

"தூங்கினியா?"

"தூங்கினேன்."

"நானும்," என்றாள் மைலிஸ். இருவரும் உடனே போனை வைத்துவிடவில்லை.

சொம்ஜிட் கேலி பண்ணத்தான் செய்தாள். "ஒரு வாரம் குமரி, ஒரு வாரம் பொண்டாட்டி! இந்த ஏற்பாடு எனக்கும் வேணும்னு நகராட்சியில சொல்லுடி. எங்காளு நடமாடுறாரு, அது ஒண்ணுதான் தடங்கல்."

அந்த வாரம் முழுக்க அவள் பெரும்பாலும் தூங்கினாள். உருப்படியாக ஒன்றும் செய்யவில்லை. காப்பகத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று தினமும் நினைத்தாள், போகவில்லை. வகுப்புப் புத்தகத்தைத் திறந்து, திறந்தபடியே மார்பில் கவிழ்த்துக்கொண்டு கண்ணை மூடினாள். ஊருக்குப் போவதைப் பற்றியும் ஒரு மத்தியானம் யோசித்துப் பார்த்தாள். தூக்கம் தீர்ந்த பிறகு யோசித்தபோது அந்தப் பாய் அவ்வளவாக இழுக்கவில்லை. தங்கச்சி வீட்டில் எதிரே உட்கார்ந்து, எதற்காகத் திரும்பி வந்தாய் என்று கேட்கப்போகிறவர்களின் முகங்கள் வரிசையாக வந்தன. இங்கேயே இருந்துவிடலாம் என்றும் அவள் முடிவு செய்யவில்லை. இந்த வாரம் போகவில்லை, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை வளைவில் வண்டிச் சத்தம் கேட்டது. "அதுக்குள்ள வந்தாச்சா" என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. தோன்றியதற்காகத் தன்னைத்தானே திட்டிக்கொள்ளவும் அவளுக்குத் தெம்பில்லை. ராத்திரி உருகி மறுபடி உறைந்ததில் வாசல் படி கண்ணாடியாக இருந்தது. அவர் காலை இழுத்து வருகிறவர், வழுக்கினால் போச்சு. அடுப்படியிலிருந்து சாம்பல் வாளியை எடுத்துக்கொண்டு, செருப்போடு வெளியே ஓடி, வண்டி வந்து நிற்பதற்குள் ஒவ்வொரு படியிலும் கை கையாக அள்ளித் தூவினாள்.