மணலியில் கூடிய பஞ்சாயத்து

திருவொற்றியூர்க் கடலோரக் குப்பம் ஒன்றின் பஞ்சாயத்துத் தலைவர் தண்டபாணி, தம் விசைப்படகைக் கரையோரக் கற்களில் கொண்டுபோய் மோதிய அன்றே பஞ்சாயத்தைக் கூட்டிக் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டார். நீரோட்டம்தான். தலைவர் முன்மொழிந்தார், பொருளாளர் பொன்ராஜ் வழிமொழிந்தார், செயலாளர் சின்னப்பையன் கை தூக்கினார். வங்காள விரிகுடா வன்மையாகக் கண்டிக்கப்பட்டது.

அந்தப் படகில் வேலை செய்பவன், மோதிய வேகத்தில் தண்ணீரில் விழுந்த இளைஞன் அறிவு மட்டும் கை தூக்கவில்லை. ஒரு கையில் மாவுக்கட்டு. இன்னொரு கையைத் தூக்க அவனுக்கு மனமில்லை.

"நாளிக்கி ஆரம்பிக்கிற மீன்பிடித் தடை முடிஞ்சதும் உன் போட்டுல நாங்க யாரும் ஏறமாட்டோம் நைனா," என்றான். "குடிச்சிட்டு சுக்கான் புடிக்கிறவன நம்பி கடலுக்குப் போவ முடியாது."

மற்ற ஆட்களும் அவன் பக்கமே நின்றார்கள். ஆளில்லாத படகு கரையில் கிடக்கும். கரையில் கிடக்கும் படகின் சொந்தக்காரரைத் தலைவர் என்று எத்தனை நாள் கூப்பிடுவார்கள்?

தண்டபாணியின் மனைவி கோவிந்தம்மா மீன் கூடையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "குடிய வுடறதுக்கு இன்னாமோ மீட்டிங் நடத்துறாங்களாம். ஊர்ல ஒரு மீட்டிங்க வுடாம போற. அதுக்கும் ஒரு தபா போய்ட்டு வா."

ரயில் நிலையச் சுவரில் பார்த்த எண்ணுக்குத் தண்டபாணி போன் போட்டார். "என் தோஸ்து ஒர்த்தன், கொஞ்சம் குடிப்பான். அவனுக்காகக் கேக்கறேன்."

"கூட்டிகினு வாண்ணே," என்றது ஒரு பெண் குரல். "நாங்க அல்லாருமே மொதல்ல தோஸ்துக்காகத்தான் கேட்டோம்."

திருவொற்றியூரிலேயே கூட்டம் நடந்தது. ராயபுரத்திலும் நடந்தது. இரண்டு இடத்திலும் தம் புகழ் பரவியிருப்பதாகத் தண்டபாணிக்கு நம்பிக்கை. ஆகவே மணலியைத் தேர்ந்தெடுத்தார். அங்கே இருப்பது எண்ணெய் ஆலையும் லாரியும்தான். மீன்காரன் போக ஒரு காரணமும் கிடையாது. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு கிளம்பினார். குப்பத்தில் ஹெல்மெட் போட்ட ஒரே மனிதர் என்பதால், வழி நெடுக எல்லோரும் நின்று பார்த்தார்கள்.

டியூஷன் சென்டர் மாடியில் கூட்டம். மேடை இல்லை, மைக் இல்லை, வரவேற்புரை இல்லை. பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். வட்டத்தில் தலைமை இருக்கை எது என்று குழம்பிய தண்டபாணி ஒன்றில் உட்கார்ந்தார். அதுவே தலைமை இருக்கை என்று முடிவும் செய்துகொண்டார்.

பிறகுதான் எதிரே பார்த்தார். பொன்ராஜ். மூட்டுவலிக்கு எண்ணெய் தேய்க்கப் போவதாக வாரா வாரம் காணாமல் போகிறவர். அவருக்குப் பக்கத்தில், மச்சான் வீட்டுக்குப் போயிருக்க வேண்டிய சின்னப்பையன். மூவரும் ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள். பஞ்சாயத்தில்கூட இவ்வளவு ஒற்றுமை இருந்ததில்லை.

"என் பேர் யசோதரா. நான் ஒரு குடிநோயாளி," என்று ஆரம்பித்தாள் போனில் பேசிய அந்தப் பெண். புளியந்தோப்புக்காரி, ஆஸ்பத்திரி ஆயா. தண்டபாணி அவளுடைய புருஷனைத் தேடினார். அப்படி யாரும் அங்கே இல்லை. "இங்க யார் வந்தாங்க, இன்னா பேசினாங்கன்னு வெளிய சொல்லக் கூடாது," என்றாள்.

தண்டபாணிக்குத் தெம்பு வந்துவிட்டது. எழுந்தார்.

"தலைவர், செயலாளர், பொருளாளர் மூணு பேரும் கீறோம். பஞ்சாயத்து கூடிச்சின்னு வெச்சிக்க. இன்னிலேர்ந்து நம்ம குப்பத்துல மதுவை அடியோடு ஒழிப்பதெனத் தீர்மானிக்கிறோம்!"

"வழிமொழிகிறேன்," என்றார் பொன்ராஜ், பழக்க தோஷத்தில். சின்னப்பையனின் கை தானாக மேலே போனது.

"நிறைவேறிச்சி," என்று உட்கார்ந்தார் தண்டபாணி. வேலை முடிந்தது. டீ எங்கே என்று பார்த்தார்.

"அண்ணே," என்றாள் யசோதரா. "ஊரு குடிக்கிறத நாம அப்புறம் பாத்துக்கலாம். நீ எதுக்கு வந்த?"

யாரும் கை தட்டவில்லை. யாரும் அவசரப்படுத்தவுமில்லை. தண்டபாணியை எப்போதும் வேறு யாராவதுதான் 'குப்பத்தின் குலவிளக்கு' என்று அறிமுகப்படுத்துவார்கள். இங்கே அந்த வேலைக்கு ஆள் இல்லை.

"என் பேர் தண்டபாணி," என்றார். "அன்னிக்கி நீரோட்டம்லாம் ஒண்ணும் இல்ல. கடலு தட்டு மாதிரி கெடந்திச்சி. நான்தான் முழு போதைல இருந்தேன். மத்த ஆளுங்க கத்தினப்புறம்தான் அறிவு உழுந்ததே எனக்குத் தெரிஞ்சிச்சி."

வழிமொழிய இந்த முறை யாரும் இல்லை. "நானும்தான் தலைவரே," என்று பொன்ராஜ் மட்டும் தரையைப் பார்த்து முணுமுணுத்தார். "குடிச்சிட்டுத்தான் அந்த நீரோட்டத் தீர்மானத்துல கையெழுத்துப் போட்டேன்."

மறுநாள் காலை தண்டபாணி நேராக அறிவிடம் போனார். அவன் ஒற்றைக் கையால் வலைச் சிக்கு எடுத்துக்கொண்டிருந்தான்.

"நீரோட்டம் இல்லடா. நான் குடிச்சிருந்தேன்."

"தெரியும் நைனா. நீ குனிஞ்சி என்னைத் தூக்கும்போது அட்ச்ச நாத்தத்துக்கு, மறுபடி தண்ணிக்கே போய்டலாம்னு இருந்திச்சி."

"மீட்டிங் போறேன். நேத்து போனேன்."

"வேற யார் யாரு வந்தாங்க?"

குப்பத்தையே சிரிக்க வைக்கும் செய்தி தலைவரின் நாக்கு நுனியில் நின்றது. விழுங்கினார். "அத்தச் சொல்ல மாட்டேன்."

அறிவு முதல்முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தான். தலைவர் ஒரு செய்தியை வைத்துக்கொண்டு சும்மா இருந்து அவன் பார்த்ததில்லை.

"சரி, தடை முடிஞ்சதும் ஏறுறோம். ஆனா இப்போதிக்கி சுக்கான நான் புடிக்கிறேன். நீ வலை இழு."

தலைவர் வலை இழுப்பதா? தீர்ப்புச் சொல்லத் திறந்த வாயைத் தண்டபாணி மூடிக்கொண்டு, வலையின் மறுமுனையைப் பிடித்துச் சிக்கெடுக்க உட்கார்ந்தார்.

"இழுக்கறேன். ஆனா மீட்டிங் நாளுக்குக் கரை சேத்துடணும். இல்லன்னா உன் மேல தீர்மானம் போட்டுடுவேன்."