வரப்பு வழியே ஒரு எஞ்சின்

அறிவரசன் ஓராண்டாக அந்த எஞ்சினைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டதற்குக் காரணம் பாசம் இல்லை, வஞ்சம்.

செட்டிகுளத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். கீழத்தெருக் கடைசியில் அவன் வீடு, வீட்டை ஒட்டி, அவன் கார் ரிப்பேர் பார்க்கும் தகர ஷெட். அங்கே ஒரு பழைய லாரி டயரின்மேல் மேலத்தெரு வீரமுத்துவின் அம்பாசடர் எஞ்சின் உட்கார்ந்திருந்தது. அடியிலிருக்கும் ஆயில் தொட்டி தரையில் பட்டு நசுங்கக்கூடாது என்பதற்காக டயர். பிளக் ஓட்டைகளில் ஆயில் ஊற்றித் துணியால் அடைத்திருந்தான். உள்ளே இறுகிவிடாமல் இருக்க வெள்ளிக்கிழமைதோறும் ஸ்பேனரைப் போட்டு இரண்டு சுற்று சுற்றிவிடுவான்.

அதைப் பார்த்தாலே அவன் மனைவி புவனேஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வரும். "அந்த ஆளு பண்ணுன காரியத்துக்கு ஒரு புடி மண்ண அள்ளி உள்ள போடாம, எண்ண தேச்சுக் குளிப்பாட்டுறீங்களே!"

"மண்ணப் போட்டா எஞ்சின் கெடும். அவனுக்கு என்ன கெடும்? துருப்புடிச்சதத் தேடி எவன் வருவான்? அவன் இந்த வூட்டு வாசலுக்கு வரணும் புவனா."

வீரமுத்து பண்ணின காரியம் இதுதான். அறிவரசனின் அப்பா ராசாங்கம் அந்த அம்பாசடரின் டிரைவர். இருபத்திரண்டு வருடம் அதை மேலத்தெரு வழியாகத்தான் ஓட்டினார். போன ஐப்பசியில், எஞ்சினைக் கழற்றி ரிப்பேருக்கு மகன் ஷெட்டில் இறக்கிய மறுவாரம், செத்துப்போனார். பாடை மேலத்தெரு முனைக்கு வந்ததும் வீரமுத்து ஆட்களோடு குறுக்கே வந்து நின்றார்.

"இல்லாத வழக்கம் எதுக்கு? வாய்க்கா வரப்பு இருக்குல்ல, அப்புடிப் போங்க" என்றார். வண்டி ஓட்டுகிறவரைக்கும் திறந்திருந்த தெரு, ஓட்டினவர் செத்த அன்றைக்கு மூடிக்கொண்டது. மழையில் ஊறிய வரப்பில் பாடை சரிந்தது. ராசாங்கம் குப்புறச் சேற்றில் விழுந்தார். அப்பாவின் வாயிலிருந்து சேற்றை வழித்த கையாலேயே அறிவரசன் கொள்ளி வைத்தான்.

இந்த ஐப்பசியில் வீரமுத்துவின் மகள் ஜெயசித்ராவுக்குக் கல்யாணம். அரியலூரில் மண்டபம். தாத்தாவின் காரில்தான் பேத்தி போய் இறங்க வேண்டும் என்று வீரமுத்துவின் அம்மா, கிழவி கலியம்மாள், ஒற்றைக்காலில் நின்றாள். கார் அரியலூரில் பெயிண்ட் அடித்துப் பளபளவென்று நின்றது, எஞ்சின்தான் இல்லை. புது டிரைவரை அனுப்பிப் பார்த்தார் வீரமுத்து. "உடையவங்க வந்தாத்தான் தருவேன்" என்று அறிவரசன் திருப்பி அனுப்பிவிட்டான். மறுநாள் காலையில் அவரே டிரைவரோடு வந்தார். சரக்கு வண்டி வாசலில் நின்றது.

"தாராளமா எடுத்துட்டுப் போங்க" என்றான் அறிவரசன். "வண்டிய மட்டும் தார்ரோட்டுல கொண்டுபோயி நிறுத்திட்டு வரச் சொல்லுங்க. எஞ்சின் வாய்க்கா வரப்பு வழியா வரும்."

வீரமுத்துவின் முகம் கறுத்தது. "வெளயாடுறியா? போலீசக் கூப்புடவா?"

"கூப்புடுங்க. ஏன் வரப்பு வழின்னு கேப்பாங்க. போன ஐப்பசில நடந்தத நானும் சொல்றேன்."

அவர் போனை எடுத்தார், பார்த்தார், திரும்பவும் பையில் போட்டுக்கொண்டார்.

"தூக்க நாலு பேர் வேணும். நானு, என் கூட்டாளி பிரேம், உங்க டிரைவர். நாலாவது நீங்கதான்."

எஞ்சினைச் சங்கிலியால் கட்டி நீளமான மூங்கிலில் தொங்கவிட்டார்கள். முன்னால் அறிவரசனும் பிரேமும், பின்னால் டிரைவரும் வீரமுத்துவும். சங்கிலி நடுவில் இருந்தால் பாரம் சமமாகப் பிரியும். இது அறிவரசனுக்குத் தெரியாதா? ஒரு சாண் பின்னால் தள்ளித்தான் கட்டினான்.

வரப்பு சொதசொதவென்று இருந்தது. அறிவரசன் வேண்டுமென்றே மெல்ல நடந்தான். பின்னால் மூச்சு இரைக்கும் சத்தம் கேட்கக் கேட்க அவனுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. பாடை சரிந்த இடம் வந்ததும் நின்றான். வீரமுத்துவின் கால் வழுக்கி முழங்கால் சேற்றில் இறங்கியது. வெள்ளை வேட்டி போனது.

"கீழ வைங்கப்பா..."

"வைக்கக்கூடாதுங்க. சேறு உள்ள போயிரும். எங்கப்பா வாயில போன மாதிரி."

வீரமுத்து தட்டுத்தடுமாறி எழுந்தார். தோளில் மூங்கில் பதிந்து சட்டை கிழிந்திருந்தது. "முடியல அறிவு. திருப்பு. தெரு வழியாவே போயிடலாம்."

"எந்தத் தெரு வழியாங்க?"

"மேலத்தெரு வழியாத்தான்."

"அதுல யாரு வேணாலும் போலாங்களா?"

வீரமுத்து மூங்கிலை மறுதோளுக்கு மாற்றப் பார்த்தார், பாரம் விடவில்லை.

"போலாம்ப்பா" என்றார் வீரமுத்து, அழுகிற குரலில். "யாரு வேணாலும் போலாம்."

ஒரு வருடமாக வெள்ளிக்கிழமைதோறும் ஸ்பேனர் பிடித்துக் காத்திருந்தது இந்த ஒரு வார்த்தைக்குத்தான். அது அறிவரசனுக்கு இனித்தது. இனித்த கையோடு அப்பாவின் வாயிலிருந்து வழித்த சேறு ஞாபகம் வந்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

"இத அன்னிக்குச் சொல்லியிருக்கணுங்க" என்றான். "நடங்க, இன்னும் பாதி வழி இருக்கு."