ஊருக்கெல்லாம் அம்மா

குட்டி வீட்டுக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. வேற்று நாட்டுக் காப்பகத்திலிருந்து தத்தெடுத்து வந்த நான்கு வயதுப் பெண். வரும்போது தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாது. இப்போது தெரிந்தவையும் ஏடாகூடம்தான். அப்பாவை "ஏங்க" என்று கூப்பிட்டாள். மனைவி அப்படித்தானே கூப்பிடுகிறாள்! மனிதருக்கு வாயெல்லாம் பல்.

மனைவிக்குத்தான் மனசு ஆறவில்லை. 'அம்மா'வைக் குட்டி ஊருக்கே வாரி வழங்கினாள். குழாய் ரிப்பேர்காரர் அம்மா, பக்கத்து வீட்டுப் பூனையும் அம்மா. அந்தச் சொல்லுக்காகத் தவம் கிடந்தவளைப் பார்த்தால் மட்டும் "இந்தா" என்பாள். இவள் கையை நீட்டுவாள். குட்டியின் கையில் ஒன்றும் இருக்காது. இரண்டு பேரும் திருதிருவென விழிப்பார்கள். சில சமயம் குட்டி பாவம் பார்த்துத் தன் செருப்பைக் கழற்றிக் கொடுப்பாள்.

"என்னை இவளுக்குப் பிடிக்கலையோ என்னவோ."

"அட, விடு. போகப் போகச் சரியாயிடும்."

"உங்களுக்கென்ன, சொல்லுவீங்க."

சனிக்கிழமை அவருக்கு வேலை. அவள் குட்டியைத் தன்னோடு கண்ணாடிக் கடைக்கு அழைத்துப் போனாள். பின்னறையில் லென்ஸ் வெட்டுவது அவள் வேலை. பக்கத்திலேயே விளையாடிய குழந்தை எப்போது முன்பக்கக் கூட்டத்துக்குள் போனதென்று தெரியவில்லை. மெஷின் இரைச்சலையும் மீறி அழுகை கேட்டது. மெஷினை நிறுத்தினாள்.

"ஏம்மா அழற? அழாதம்மா. உங்கம்மா எங்கம்மா?" யாரோ ஒரு பெண்மணி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இந்தா! இந்தா!"

"என்னம்மா தரப் போற? குடு."

"இந்தா!" குட்டி தொண்டை கிழியக் கத்தினாள்.

எதையும் கொடுக்கிற குரல் இல்லை அது. இந்தா பால், இந்தா சட்டை, இந்தா பொம்மை என்று நாளெல்லாம் தான் சொன்னது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அடிப்பாவி! பார்க்கிறவர்கள் எல்லாம் குட்டியை அம்மா என்கிறார்கள். அவளும் எல்லோரையும் அம்மா என்கிறாள். 'இந்தா' என்று அவள் கூப்பிட்டது ஒரே ஒருத்தியை.

"இந்தா, வந்துட்டேன்!" என்று ஓடினாள். குட்டி தாவிக் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

பெண்மணி இன்னும் கையை நீட்டியபடியே நின்றாள். "எதையோ குடுக்கணும்னு அழறாளே, என்னம்மா அது?"

"ஒண்ணும் இல்லைங்க," என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அது என் பேரு."