இரண்டாவது குழாயில் விரல் நீளக் காற்று

இரண்டு லட்சத்துப் பதினேழாயிரத்து நானூற்று அறுபது ரூபாய். வெங்கடரமணனின் சாயப்பட்டறை தொழிற்பேட்டைத் தண்ணீர்ச் சங்கத்துக்குத் தர வேண்டிய பாக்கி அது. மீட்டர் கூட்டிக் காட்டுகிறது, அவ்வளவு தண்ணீரை நான் கண்ணால்கூடப் பார்க்கவில்லை என்று அவர் மன்றாடிக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரு பேச்சு முடிந்தது. மீட்டரைக் கழற்றி ஒத்தக்கடைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புவது. நூற்றுக்கு இரண்டுக்கு மேல் கூட்டிக் காட்டினால் பாக்கி தள்ளுபடி. இல்லையென்றால் முழுப் பணமும் கட்ட வேண்டும், கட்டும்வரை தண்ணீர் கிடையாது.

அந்தக் கூடத்தில் குழாய் மாட்டுகிற ஆள் பேயாண்டி. அந்தப் பட்டறையில் நூல் அலசுகிற பெண்களில் ஒருத்தி அவன் மனைவி ராமக்காள்.

பரிசோதனைக்கு முந்தின நாள் சோறு போடும்போதே அவள் ஆரம்பித்துவிட்டாள்.

"மீட்டரு ஒங்க கூடத்துக்குத்தான் வருதாம். மொதலாளி சொன்னாரு."

"வரட்டும்."

"பட்டறைய மூடிட்டா நான் எங்க போறது? இந்த மொழங்கால வச்சுக்கிட்டு சித்தாளு வேலைக்கா?"

"நான் என்னத்தச் செய்ய? கொழாய மாட்டுவேன், காத்தெடுப்பேன். அம்புட்டுத்தான்."

"ஆமா, ஊருக்கெல்லாம் காத்தெடுங்க. நம்ம வீட்டு மோட்டாருல காத்தடச்சுக் கெடக்கு. கொடந் தூக்கித் தூக்கி என் இடுப்பு போச்சு."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. குழம்புச் சட்டியைப் பார்த்துக்கொண்டே, "அந்த மீட்டருக் கொழாயில காத்த எடுக்காம விட்டா என்னாகும்?" என்று கேட்டாள்.

என்னாகும் என்று அவளுக்குத் தெரியும். அவனே ஒருநாள் பெருமையாகச் சொன்னதுதான். அந்த மாதிரி மீட்டர் வேறொன்றுமில்லை, குழாய்க்கு நடுவில் ஓட்டை போட்ட ஒரு தகடு. ஓட்டையில் நெருக்கிப் போகிற தண்ணீருக்குத் தகட்டைத் தாண்டியதும் அழுத்தம் குறையும். தகட்டுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று உள்ளே இருப்பது தெரிகிற இரண்டு மெல்லிய குழாய்கள் கீழே இறங்கி அழுத்தமானிக்கு வரும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை முள் காட்டும். அதை வைத்துத்தான் எவ்வளவு தண்ணீர் போகிறது என்ற கணக்கு. இரண்டாவது குழாயில் விரல் நீளத்துக்குக் காற்று நின்றுவிட்டால் போதும், அந்தப் பக்கத்து எடை குறையும், முள் இல்லாத வித்தியாசத்தைக் காட்டும். பழி மீட்டர்மேல் விழும்.

நாற்பது வயதுக்கு மேல்தான் பேயாண்டி எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றான். முள்ளைப் படிக்க அதற்கு வெகுகாலம் முன்பே தெரியும்.

காலையில் வெங்கடரமணன் தேய்த்த சட்டையோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். "என்னப்பா பேயாண்டி, சாப்பிட்டியா?" என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. போனில் வீட்டம்மாவிடம் அவர்கள் பாஷையில் மெதுவாகப் பேசினார். அதில் மீட்டர் என்ற ஒரு சொல்தான் பேயாண்டிக்குப் புரிந்தது.

தண்ணீரை விடுமுன் முள் பூஜ்யத்தில் நிற்பதைப் பரிசோதனை செய்கிற பவதாரிணி மேடம் பார்த்துக்கொண்டாள். வால்வைத் திறந்தார்கள். குழாய் அதிர்ந்தது. பேயாண்டி அடியில் குந்தி, எப்போதும்போல அழுத்தமானி ஓரத்துத் திருகைத் தளர்த்தினான். கசிகிற தண்ணீரோடு காற்றும் வெளியேற வேண்டும். முதல் குழாய் சுத்தம். இரண்டாவதில் மேலிருந்து ஒரு வெள்ளைத் துண்டு இறங்கி வந்தது. நடுவழியில் அது இருக்கும்போதே திருகை இறுக்கிவிட்டான். காற்று அங்கேயே நின்றது. குந்தினால்தான் அது கண்ணுக்குப் படும்.

"காத்து போயிருச்சாண்ணே?"

"ம்."

"முள்ளு நிக்கட்டும், எழுதிக்கிறேன்." அவள் எடைத் தொட்டிப் பக்கம் திரும்பினாள். ஓடின தண்ணீரை அந்தத் தொட்டியில் பிடித்து, நிறுத்து, முள் சொல்வதோடு ஒப்பிடுவார்கள்.

ராமக்காளின் முழங்கால் நினைவுக்கு வந்தது. அவளோடு அலசுகிற பெண்களும் நினைவில் வந்தார்கள். பெஞ்சில் அசையாமல் இருக்கும் தேய்த்த சட்டை வந்தது. இருக்கட்டும், யார் குடியும் கெடாது என்று மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. சாய்ந்து முடிந்த பிறகுதான் டக் டக் என்று சத்தம் கேட்டது. அவன் கட்டைவிரல் நகம் குழாயைச் சுண்டிக்கொண்டிருந்தது. எத்தனையோ வருஷமாக, காற்றைக் கண்டால் சுண்டுகிற நகம். அவனைக் கேட்கவில்லை. வெள்ளைத் துண்டு உடைந்தது, மணிமணியாக மேலே ஏறியது, பெரிய குழாய்க்குள் போய்த் தண்ணீரோடு மறைந்தது. முள் கொஞ்சம் இறங்கி நின்றது.

"இப்ப நிக்குதுண்ணே," என்று மேடம் எழுதிக்கொண்டாள்.

மீட்டரில் குறையில்லை. நூற்றுக்கு அரைகூடத் தப்பு வரவில்லை.

"இன்னொருக்கா பாக்கலாமாம்மா?" என்றார் வெங்கடரமணன். பார்த்தார்கள். அதேதான் வந்தது. "அப்ப அம்புட்டுத் தண்ணியும் எங்கதாம்மா போச்சு?" என்று மேடத்திடம் கேட்டார். அவளால் மீட்டரைப் பற்றி மட்டும்தான் சொல்ல முடியும். போகும்போது பேயாண்டியின் தோளைத் தொட்டு, "வாரேன்ப்பா," என்றார்.

சாயங்காலம் ராமக்காள் வாசலிலேயே நின்றாள். சேதி அவளுக்கு முன்பே வந்திருந்தது.

"காத்து இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"எடுத்துட்டீகளா?"

கை எடுத்தது என்று சொல்ல வாய் வந்தது. சொன்னால் நம்புவாளா, தானே நம்புகிறோமா என்று தெரியவில்லை. செருப்பைக் கழற்றி வைத்தான். அவள் உள்ளே போய்த் தட்டை வைத்தாள்.

தண்ணீர் நின்றது, பட்டறையை மூடினார்கள். சாமானைத் திருமங்கலத்துப் பழைய இரும்பு வியாபாரி விலை பேசினார். சாயத்தொட்டிகளைப் பெயர்த்தபோது அடித்தரை முழங்கால் ஆழத்துக்கு நீலச் சேறாக இருந்ததாம். மீட்டரைத் தாண்டி வந்த குழாய் மண்ணுக்குள் எப்போதோ உடைந்திருக்கிறது. வந்து சொன்னவள் ராமக்காள்தான். சொல்லிவிட்டுச் செங்கல் சுமக்கப் போனாள்.

தொட்டி விற்ற காசைச் சங்கத்தில் கட்டி, பாக்கி தீர்ந்தது என்று வெங்கடரமணன் ரசீது வாங்கியது ஒரு சனிக்கிழமை. மறுநாள் ஞாயிறன்று பேயாண்டி வீட்டு மோட்டாரில் காற்று எடுத்தான். குழாய் இருமி, துப்பி, தெளிந்த தண்ணீரைக் கொட்டியது. ராமக்காள் குடத்தை வைக்க எழுந்திருக்கவில்லை. படியில் உட்கார்ந்து பிளேடால் நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். எத்தனை சோப்புக்கும் போகாத நீலம் வாரவாரம் மேலேறி, இப்போது நகத்தின் நுனியில் மட்டும் இருந்தது. அதையும் வெட்டினாள். தண்ணீர் படியோரம் ஓடி வந்தது. அந்த நீலத் துணுக்குகள் ஒவ்வொன்றாக அதில் மிதந்து நகரத் தொடங்கின.