பேர் சொல்லிக் கூப்பிட்டவள்

உவாய்ஃபோவுக்குப் போலீஸ்காரர்களைப் பற்றித் தெரியாதது எதுவும் கிடையாதாம். நைஜீரியாவில், பெனின் சிட்டியில் பாதி ஆயுளை வேன் ஓட்டியே கழித்த மனுஷர். எந்தச் சாலைத் தடுப்பாக இருந்தாலும் உடனே இறங்கிப் போய், தொப்பியைக் கழற்றி, "ஐயா, இந்த வெயில்ல நிக்கிறீங்களே, வீட்ல எல்லாரும் சுகமா?" என்று கேட்டுவிடுவார். காரியம் முடிந்தது. இறங்காமல் உள்ளேயே உட்கார்ந்திருப்பவன் திமிர் பிடித்தவன் என்பதுதான் நம் ஊரில் எழுதாத சட்டம். அந்தச் சட்டத்தையும் பெட்டியோடு கட்டி எடுத்துக்கொண்டு அமெரிக்காவில் ஹூஸ்டனிலிருக்கும் தம்பி வீட்டுக்கு வந்து இறங்கியிருந்தார்.

அவருடைய தம்பி ஒசாரோவின் மனைவி அதேசுவா. மருத்துவமனையில் நர்ஸ். அன்று காலையில் சாப்பிடும்போதே அவரிடம் சொன்னாள். "அத்தான், இங்க போலீஸ் வண்டிய நிறுத்தினா இறங்கவே கூடாது. கை ரெண்டும் அவங்க கண்ணுக்குத் தெரியுற மாதிரி வச்சுக்கணும். எதையாவது எடுக்கணும்னாகூட சொல்லிட்டுத்தான் எடுக்கணும்."

"எங்க வீட்டுப் பொண்ணே, ஊசி எப்படிப் போடுறதுன்னு சொல்லு, காது குடுத்துக் கேக்குறேன். போலீஸைப் பத்தி எனக்கே பாடமா?"

ஒசாரோவும் அண்ணனோடு சேர்ந்து சிரித்தான். அவனுக்காவது புத்தி இருந்திருக்க வேண்டாமா? இதே ஊரில் அவனை எத்தனை தடவை நிறுத்தியிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்து தண்ணீர் குடிக்கும்போது டம்ளர் பல்லில் மோதுகிற சத்தம் அதேசுவாவுக்குத் தெரியும். ஆனால் அண்ணன் எதிரில் சிரித்துத்தான் ஆகவேண்டும் அவனுக்கு. நம் ஆண்பிள்ளைகள் சமாச்சாரம் அப்படி.

பகல் சாப்பாட்டுக்கு முன்பு அதேசுவாவும் உவாய்ஃபோவும் நம் ஊர்க் கடைக்குப் போய்ச் சேனையும் செம்பனை எண்ணெயும் புகைபோட்ட மீனும் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். கார் முழுக்க மீன் நாற்றம். உவாய்ஃபோ நீண்ட வெள்ளை அங்கியும் தொப்பியுமாக முன் இருக்கையில் கால் நீட்டி உட்கார்ந்து, பழைய வேன் கதை ஒன்றை இழுத்துக்கொண்டிருந்தார். பின்னால் பார்க்கும் கண்ணாடியில் சிவப்பும் நீலமுமாகப் போலீஸ் விளக்குகள் சுழல்வதை, ஓட்டிக்கொண்டிருந்த அதேசுவா பார்த்தாள்.

வேகம் காட்டும் முள்ளைப் பார்த்தாள். வேகமாக ஓட்டவில்லை. சிக்னலில் ஒழுங்காகத்தான் நின்றாள். பிறகு எதற்கு? எதற்காக இருந்தால் என்ன, இப்போது அதை யோசித்து என்ன ஆகப்போகிறது. கைகாட்டி விளக்கைப் போட்டு, மூடிக் கிடந்த டயர் கடை ஒன்றின் முன்னால் மெதுவாக ஓரங்கட்டினாள். இன்ஜினை அணைத்து, ஜன்னல் கண்ணாடிகளை இறக்கி, இரண்டு கைகளையும் ஸ்டீயரிங் மேல் விரித்து வைத்தாள்.

"அத்தான், கைய முன்னால டாஷ்போர்டு மேல வைங்க. அசையாதீங்க. நான் பேசிக்கறேன்."

"நீ பேசுறதா? பொம்பளைய முன்னால விட்டுட்டு நான் உள்ள உக்காந்திருந்தா என் தம்பி மூஞ்சில எப்படி முழிப்பேன்? அந்தப் பையன் வெயில்ல நடந்து வர்றான் பாரு. நாம இறங்கிப் போறதுதான் மரியாதை."

"அத்தான், வேண்டாம். கதவத் தொடாதீங்க."

அவர் அதற்குள் கதவைத் திறந்துவிட்டார்.

பெரிய உடம்பு. அங்கி காற்றில் விரிந்து இன்னும் பெரிதாக்கியது. வாய் நிறையச் சிரிப்போடு, கைகளை அகல நீட்டிக்கொண்டு, காரின் பின்பக்கமாக நடந்து போனார். கல்யாண வீட்டில் சம்பந்தியைக் கண்டவர் மாதிரி நடை. அதேசுவா கண்ணாடியில் பார்த்தாள். போலீஸ்காரன் சின்ன வயது. முகம் சிவந்திருந்தது.

"வண்டிக்குள்ள போங்க. உடனே உள்ள போங்க."

"வணக்கம் ஆபீசர், வணக்கம். நல்லா இருக்கீங்களா?" என்றபடியே உவாய்ஃபோ தொப்பியைக் கழற்றக் கையைத் தலைக்குக் கொண்டு போனார்.

துப்பாக்கி வெளியே வந்துவிட்டது.

"நில்லு. கைய அசைக்காத. அசைக்காதன்னு சொல்றேன்."

அவன் குரல் உடைந்தது. குரல் உடைகிறவன்தான் சுடுவான் என்று அதேசுவாவின் கூட வேலை பார்க்கும் அமெரிக்கக் கறுப்பின நர்ஸ் ஒருத்தி சொல்லியிருந்தாள். அந்த நர்ஸின் சித்தப்பாவுக்கு அப்படித்தான் நடந்தது.

உவாய்ஃபோவின் சிரிப்பு போய்விட்டது. பாவம், அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே ஒரு வழி. அதிகாரிக்குக் கோபம் வந்தால் நம் ஊரில் என்ன செய்வோம்? மண்டியிடுவோம். அவர் பொத்தென்று தார்ச்சாலையில் முழங்காலை ஊன்றினார். ஊன்றும்போது ஒரு கை அங்கியின் மடிப்புக்குள் மறைந்தது. போலீஸ்காரன் பின்னால் தாவி, "கை, கை எங்க?" என்று கத்தினான். கை வெளியே வந்தது. வந்ததும் சும்மா இருந்ததா? இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துத் தேய்க்க ஆரம்பித்தார், நாம் மன்னிப்புக் கேட்கத் தேய்ப்போமே, அப்படி.

"மன்னிச்சிடுங்க ஐயா. வெளியூர்க்காரன் நான். அதேசுவா, வாம்மா, இறங்கி வா. நீயும் வந்து கேளு. ரெண்டு பேருமா கேட்டா விட்டுருவான்."

அவர் கேட்டது நியாயம்தான். குடும்பத்தில் ஒருவர் மண்டியிட்டால் கூட இருப்பவர்களும் இறங்கி மண்டியிட வேண்டும். அப்படிச் செய்யாத வீட்டை நாம் வீடு என்றே சொல்ல மாட்டோம். அதேசுவாவின் கால்கள் இறங்கத் துடித்தன. ஆனால் இன்னொரு கதவு திறந்தால் அந்தப் பையன் விரல் என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியும்.   மயக்கம் தெளியாத நோயாளியிடம் பேசுகிற குரலை எடுத்துக்கொண்டாள்.

"ஆபீசர், வண்டி ஓட்டினது நான்தான். என் பேரு அதேசுவா. என் ரெண்டு கையும் ஸ்டீயரிங் மேல இருக்கு. நான் இறங்க மாட்டேன். அவர் என் வீட்டுக்காரரோட அண்ணன், நைஜீரியாவுல இருந்து இப்பத்தான் வந்திருக்கார். எங்க ஊர்ல இறங்கி வந்து கும்பிடுறது மரியாதை. அவர்கிட்ட ஆயுதம் எதுவும் இல்ல."

"அவனைக் கையத் தூக்கச் சொல்லு. இங்கிலீஷ்லயே சொல்லு."

"அத்தான், கைய மேல தூக்குங்க."

"முதல்ல நீ வாம்மா," என்று சொல்லிக்கொண்டே உவாய்ஃபோ அவள் பக்கம் திரும்பத் தொடங்கினார். துப்பாக்கியும் அவரோடு சேர்ந்து திரும்பியது. "வா, இவன்கிட்ட எடுத்துச் சொல்லு. ஏன் உள்ளயே உக்காந்திருக்க?"

அத்தான் என்று கூப்பிட்டால் இந்த மனுஷர் பேசிக்கொண்டேதான் இருப்பார் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அத்தானுக்குத் தம்பி பெண்டாட்டி கட்டளை போட முடியுமா? அவள் சொன்னதெல்லாம் அவர் காதில் கெஞ்சலாகத்தான் விழுந்துகொண்டிருந்தது.

புருஷனின் அண்ணனை நம் வீடுகளில் எந்த மருமகளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. செத்துப்போனவரைக்கூட அப்படிச் சொல்ல மாட்டார்கள். அதேசுவா சொன்னாள்.

"உவாய்ஃபோ."

அவர் அப்படியே உறைந்துபோனார். பாதி திரும்பிய முகம் பாதியிலேயே நின்றது.

"வாய மூடு, உவாய்ஃபோ. கையத் தூக்கு. விரல விரி. நான் வர மாட்டேன். அந்த ஆளு சொல்றத மட்டும் செய்."

கன்னத்தில் அறை வாங்கியவர் மாதிரி அவர் வாய் திறந்தே இருந்தது. அவமானத்தில் உடம்பு மரத்துப்போயிற்று. கைகள் மட்டும் மேலே போயின, விரல்கள் விரிந்தன. அந்த மரத்துப்போன உடம்புதான் அவரைக் காப்பாற்றியது. அவர் அசையாமல் இருப்பதை அந்தப் பையன் முதல் தடவையாகப் பார்த்தான். துப்பாக்கி நுனி மெல்லத் தாழ்ந்தது.

இன்னொரு போலீஸ் வண்டி வந்தது. வயதான ஒருவர் இறங்கி, உவாய்ஃபோவின் அங்கியைத் தடவிப் பார்த்து, கைக்குட்டையையும் மாத்திரைப் பட்டையையும் எடுத்து மறுபடி உள்ளே வைத்தார். அதேசுவாவிடம் லைசென்ஸ் கேட்டார். எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு எடுத்தாள். காரின் பிரேக் விளக்கு ஒன்று எரியவில்லையாம். அதற்குத்தான் நிறுத்தினார்களாம். மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். இளையவன் மட்டும் ஒரு நொடி நின்று ஏதோ சொல்ல வந்தான். சொல்லாமலே போனான்.

உவாய்ஃபோ உள்ளே வந்து உட்கார்ந்தார். வெள்ளை அங்கியில் முழங்கால் இருந்த இடத்தில் தார்க்கறையும் கொஞ்சம் ரத்தமும்.  

"என் பேரைச் சொன்ன," என்றார்.

"சொன்னேன்."

"ஒரு வேத்தாளுக்கு முன்னால. ஒரு நாய அதட்டுற மாதிரி."

"ஆமா அத்தான்."

"நான் தெருவுல முட்டி போட்டுக்கிட்டு உன்னக் கூப்பிட்டேன். நீ வரல."

 அவள் கண்ணீர் தாடை வரை இறங்கி மடியில் விழுந்தது.

"ஒண்ணு கேக்குறேன், பொய் சொல்லாத. அவன் என்னைச் சுட்டிருந்தா வந்திருப்பியா?"

ஆமாம் என்று சொல்லிவிடுவது எவ்வளவு சுலபம். மரியாதையும் அதுதான். அதேசுவா சாலையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"மாட்டேன் அத்தான். அப்பவும் உக்காந்துதான் இருந்திருப்பேன். உங்க தம்பிகிட்ட நம்மள்ல ஒருத்தராவது உயிரோட திரும்பிப் போகணும் இல்லையா."

உவாய்ஃபோ அவளையே பார்த்தார். ஏதோ திட்டப்போகிறார் என்று அவள் காத்திருந்தாள். அவர் திட்டவில்லை. கைக்குட்டையை எடுத்து முழங்காலில் வைத்து அழுத்தினார்.  அப்போதுதான், எல்லாம் முடிந்த பிறகு, அவருக்குப் பயம் வந்தது.

அவருடைய போன் அடித்தது. ஒசாரோதான். எங்கே இருக்கிறீர்கள், பசி உயிர் போகிறது, ஊரையே வாங்கிக்கொண்டு வருகிறீர்களா என்று அவன் சிரிக்கிற சத்தம் அதேசுவாவுக்கும் கேட்டது. உவாய்ஃபோ கைக்குட்டையை மடியில் வைத்தார்.  

"வந்துட்டு இருக்கோம்டா," என்றார். "ரெண்டு பேருமே வர்றோம்."